முள்ளோடையில் மிச்சம் பிடிப்பவர் சிங்கப்பூரில் கார் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கடலூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். வயது 36. மனைவி, இரண்டு பிள்ளைகள். இங்கே மாதம் 85,000 ரூபாய் வாங்குகிறேன். இப்போது இரண்டு இடத்தில் வேலை கூடி வந்திருக்கிறது: சிங்கப்பூரில் 9,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), துபாயில் 16,000 திர்ஹம். ஒன்பது லட்சத்துக்கு வாங்கிய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் எங்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. பெட்ரோல் விலையை லிட்டருக்கு ரூபாயில் எழுதிப் பார்த்தேன்: கடலூர் 102, சிங்கப்பூர் 196, துபாய் 62, சிங்கப்பூரை ஒட்டிய மலேசிய நகரமான ஜொகூர் பாரு 42. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "ஜொகூரில் குடியிருந்துகொண்டு வேலைக்கு மட்டும் சிங்கப்பூர் வா, அங்கே பெட்ரோல் தண்ணி விலை" என்கிறார். எங்கே போனால் கார் கட்டுப்படியாகும்? இங்கிருக்கும் காரை விற்றுவிடலாமா? — வாசகர், கடலூர்

பதில்: தம்பி, கடலூர் என்றதுமே ஒன்று புரிந்துவிட்டது. புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்த்தான் டேங்க் நிரப்புவீர்கள். புதுச்சேரியில் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு. 35 லிட்டர் போட்டால் இருநூறு ரூபாய் கையில் நிற்கும். வேறு வேலையாகப் போகிறவருக்கு அது லாபம்தான். பெட்ரோலுக்காகவே போகிறவருக்கு, போய்வரும் தூரத்தைக் கழித்தால் ஒரு டீ செலவுதான் மிஞ்சும். எல்லையோரத்துக்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அதனால்தான் உங்கள் அட்டவணையில் பெட்ரோல் விலை மட்டும் இருக்கிறது, காரைக் காணோம்.

லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் ஓட என்ன ஆகிறது என்று கேட்டால், புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் டீசல் விலையைச் சொல்வார். பழகியவர், "வண்டி என்ன விலை, எத்தனை வருடம் ஓடும், கடைசியில் என்ன விலைக்குப் போகும்?" என்று திருப்பிக் கேட்பார். உங்களுக்கும் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்குக்காக சிங்கப்பூர் வெள்ளியை 70 ரூபாய், திர்ஹமை 24, மலேசிய ரிங்கிட்டை 21 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் அட்டவணையும் ஏறத்தாழ இதே மாற்றுவிலையில்தான் இருக்கிறது.

சிங்கப்பூரை முதலில் பார்ப்போம். அங்கே காருக்குப் பணம் கொடுத்தால் மட்டும் போதாது, காரை வைத்திருக்கும் உரிமையைத் தனியாக ஏலத்தில் எடுக்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ் என்பார்கள், பேச்சில் 'சிஓஇ'. 1990 மே மாதத்திலிருந்து இந்த ஏற்பாடு. பத்து வருடத்துக்குச் செல்லும், மாதம் இருமுறை ஏலம். ஊர் சின்னது, நிலத்தில் 12 சதவீதம் ஏற்கெனவே சாலைக்குப் போய்விட்டது. அதனால் 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் ஆண்டு வளர்ச்சி விகிதத்தைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். பெரும்பாலும் பழைய கார் ஒன்று கழிந்தால்தான் புதியது ஒன்று உள்ளே வரும். சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவுச் சான்றிதழ் 2008 நவம்பரில் வெறும் 2 வெள்ளிக்குப் போயிருக்கிறது. வெள்ளி இரண்டேதான், அச்சுப் பிழை இல்லை. அதே சான்றிதழ் 2023 அக்டோபரில் 1,06,000 வெள்ளி. நடுவில் இறங்கியது, 2025இல் மறுபடி ஒரு லட்சத்தைத் தாண்டியது.

சான்றிதழ் ஒரு லட்சம் என்றே வைத்து, ஒரு சாதாரண காருக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை 22,000 வெள்ளி. அதன்மேல் 20 சதவீதக் கலால் வரி, 4,400. இரண்டையும் கூட்டி 9 சதவீத ஜிஎஸ்டி, 2,376. அப்புறம் கூடுதல் பதிவுக் கட்டணம்: முதல் 20,000 வெள்ளிக்கு அதே அளவு, அடுத்த 2,000 வெள்ளிக்கு 140 சதவீதம், ஆக 22,800. பதிவுக்கு 350. சான்றிதழ் 1,00,000. மொத்தம் 1,51,926 வெள்ளி. விற்பவர் தன் பங்கைச் சேர்த்ததும் 1,62,000 என்று சொல்லலாம். நம் காசில் ஒரு கோடியே பதின்மூன்று லட்சம். கடலூரில் இதற்கு ஒரு தெருவே வாங்கலாம் என்று சொல்ல வந்தேன். மஞ்சக்குப்பத்தில் இப்போது அதுவும் நடக்காது.

கடனில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். இறங்கும் விலை 20,000 வெள்ளிக்கு மேல் போன காருக்கு, வாங்கும் விலையில் 60 சதவீதம்தான் கடன் தரலாம் என்பது அங்குள்ள நாணய ஆணையத்தின் விதி. கடனையும் ஏழு வருடத்துக்குள் அடைத்துவிட வேண்டும். ஆக முதலில் கையிலிருந்து 65,000 வெள்ளி, அதாவது 45 லட்ச ரூபாய், எடுத்து வைக்க வேண்டும். வேலையில் சேரப்போகும் ஆளிடம் அது இருக்கிறதா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்தக் காரை வெளியில் எடுக்காமல் வீட்டடியிலேயே நிறுத்திவைத்தாலும், சான்றிதழ் மட்டும் ஒரு நாளைக்கு 27 வெள்ளி கரைகிறது. ஒரு லட்சத்தைப் பத்து வருடத்துக்கு வகுத்தால் அவ்வளவு. பெட்ரோலோ, வருடம் 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 800 லிட்டர். பெட்ரோல் பங்கில் எழுதிய பலகை விலை 2 வெள்ளி 80 காசு என்றாலும் ஒரு நாளைக்கு 6 வெள்ளிதான் வருகிறது. நீங்கள் பயந்தது அந்த ஆறு வெள்ளிக்கு. இருபத்தேழு வெள்ளி உங்கள் அட்டவணையிலேயே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிங்கப்பூர் பெட்ரோல் முழுக்க வரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் கூட்டிய பிறகு 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு வரி லிட்டருக்கு 66 காசு. ஜிஎஸ்டியையும் சேர்த்தால் 2.80 வெள்ளியில் ஏறத்தாழ 89 காசு, மூன்றில் ஒரு பங்கைத் தொடவில்லை. நம் ஊரில்? மத்தியக் கலால் வரி 2025 ஏப்ரல் உயர்வுக்குப் பிறகு 21 ரூபாய் 90 காசு ஆனது. தமிழ்நாட்டு வாட் வரி 13 சதவீதம், அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அந்தக் கணக்கில் நூறு ரூபாய் பெட்ரோலில் நாற்பது ரூபாய்க்கு மேல் வரி. சிங்கப்பூரில் பலகை விலையையே உயர்த்தி எழுதிவிட்டு, கடன் அட்டைக்கும் உறுப்பினர் அட்டைக்கும் தாராளமாகக் கழிவு தருகிறார்கள். பலகையில் இருக்கும் விலையை அப்படியே கொடுப்பவர் பெரும்பாலும் ஊருக்குப் புதியவர். ஆகவே 196 ரூபாய் என்ற உங்கள் எண்ணைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பதை விடுங்கள். அங்கே உங்களுக்கு வெள்ளியில் சம்பளம், வெள்ளியில் செலவு. கடலூரில் மாதம் 67 லிட்டர் போட்டால் 6,800 ரூபாய், உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம். சிங்கப்பூரில் அதே 67 லிட்டர், பலகை விலையிலேயே போட்டாலும், 187 வெள்ளி. சம்பளத்தில் 2 சதவீதம். இரண்டு மடங்கு விலை என்று நீங்கள் எழுதிய பெட்ரோல், உங்கள் பைக்கு அங்கே நாலில் ஒரு பங்கு பாரம்தான். காரின் கதை நேர் எதிர். கடலூரில் பத்தரை மாதச் சம்பளத்தில் வந்த கார், சிங்கப்பூரில் பதினெட்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறது.

மற்ற செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1,600 சிசி பெட்ரோல் காருக்கு வருடத்துக்குச் சாலை வரி 743 வெள்ளி. அரசு அடுக்குமாடியில் கூரையுள்ள நிறுத்துமிடம் மாதம் 110. சாலைக்கு மேல் நிற்கும் கட்டண வளைவுகளைக் கடக்கும்போது நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் கழியும், 1998இலிருந்து நடப்பது. காப்பீடு, சர்வீஸ், போகிற இடத்தில் நிறுத்தும் கட்டணம் எல்லாம் சேர்த்து, நான் சற்றே இளகிய மனதோடு போட்ட கணக்கில் வருடம் 23,000 வெள்ளி வருகிறது. கிலோமீட்டருக்கு 1 வெள்ளி 90 காசு, 133 ரூபாய். இதில் கழிவு போகப் பெட்ரோலின் பங்கு 16 காசு.

கடலூரில் உங்கள் காருக்கு என்ன ஆகிறது தெரியுமா? பத்து வருடம் ஓட்டி இரண்டு லட்சத்துக்கு விற்பதாக வைத்து, காப்பீடு, சர்வீஸ், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். அதில் 7 ரூபாய் பெட்ரோல், கிட்டத்தட்டப் பாதி. நம் ஊரில் பெட்ரோல் விலையை வைத்தே கார் செலவை எடைபோடுவது பெரிய தப்பில்லை. அதே எடைக்கல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனதுதான் தப்பு.

அப்படியானால் சிங்கப்பூரில் குடும்பம் எப்படி நடமாடும்? எல்லோரையும் போலத்தான். பேருந்திலும் ரயிலிலும் அட்டையைத் தட்டிப் போனால், தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கே மூன்று வெள்ளி ஆகாது. வாரக் கடைசியில் போகவர டாக்சிக்கு 60 வெள்ளி என்று தாராளமாக ஒதுக்குங்கள், வருடத்துக்கு 3,120. பள்ளி விடுமுறையில் நாலு நாள் வாடகைக் கார். இத்தனையும் செய்தாலும் கார் வைத்திருக்கும் செலவில் கால் பங்கைத் தாண்டுவது கஷ்டம். என்னிடம் ஆலோசனை கேட்டு சிங்கப்பூர் போனவர்களில் முதல் ஆண்டிலேயே கார் வாங்கியவர் ஒருவர்தான். மூன்றாம் ஆண்டு வேலை மாறி ஊர் திரும்ப நேர்ந்தபோது, விற்ற விலையைப் பார்த்து அவர் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. வாங்காதே என்று சொன்னது நான்தான். ஆனாலும் கோபம் என்மேல்.

இப்போது ஜொகூர். உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அது அவருடைய கணக்கு. முதலில் ஒரு கேள்வி: அவர் மலேசியக் குடிமகனா? பெரும்பாலும் அப்படித்தான் இருப்பார். ஜொகூர் பாருவில் நம் தமிழர்கள் ஏராளமானோர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறி, சிங்கப்பூரில் வேலை பார்த்து, இரவில் வீடு திரும்புகிறார்கள். அது அவர்கள் ஊர், அவர்கள் வீடு. சிங்கப்பூர் வேலை அனுமதி உங்களுக்கு மலேசியாவில் குடியிருக்கும் உரிமையைத் தராது. இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா இல்லாமல் 30 நாள் நுழைய விடுகிறது, அது சுற்றிப்பார்க்க. அதை வைத்து வீடு எடுத்துப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக் குடித்தனம் நடத்த முடியாது.

பெட்ரோலும் அப்படித்தான். 42 ரூபாய் என்று நீங்கள் எழுதியது 1 ரிங்கிட் 99 சென் என்ற மானிய விலை. 2025 செப்டம்பர் 30 முதல் அது மலேசியக் குடிமக்களுக்கு மட்டும், அடையாள அட்டையைக் காட்டினால், மாத அளவுக்கு உட்பட்டு. மற்றவர்களுக்கு அன்றைக்கு விலை 2 ரிங்கிட் 60 சென், சந்தையோடு ஏறி இறங்கும். அரிசி அட்டை இல்லாதவர் ரேஷன் கடையில் அரிசி கேட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் உங்களுக்கும் கிடைக்கும்.

அங்கே காரின் விலை குறைவு என்பது மட்டும் முழு உண்மை. நம் ஆட்கள் அங்கே காரைக் 'காடி' என்பார்கள். உள்நாட்டுத் தயாரிப்பான பெரோடுவா ஆக்சியாவின் ஆரம்ப ரகம் 2023இல் 22,000 ரிங்கிட்டுக்கு வந்தது, நம் காசில் நாலே முக்கால் லட்சத்துக்குள். 1,600 சிசி காருக்கு வருடச் சாலை வரி 90 ரிங்கிட். பாலத்துக்கு இந்தப் பக்கம் 1,900 ரூபாய், அந்தப் பக்கம் அதே எஞ்சினுக்கு 52,000 ரூபாய்! ஆனால் சிங்கப்பூரில் குடியிருப்பவர் மலேசியப் பதிவுக் காரை சிங்கப்பூருக்குள் கொண்டுபோய் ஓட்டக் கூடாது. நம் ஊரில் புதுச்சேரியில் பதிவான 'பிஒய்' நம்பர் வண்டியை வைத்துக்கொண்டு சமாளிக்கிற மாதிரி அங்கே சமாளிக்க முடியாது.

முள்ளோடை வேலையும் அங்கே செல்லாது. சிங்கப்பூர் கார்கள் பாலம் தாண்டிப் போய் மலிவாக நிரப்பிக்கொண்டு வருவதைத் தடுக்க, வெளியேறும்போது டேங்கில் பாதியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1989இல் விதி போட்டார்கள். 1991இல் அதை முக்கால் டேங்க் ஆக்கினார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் முள் கீழே இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அபராதம் 500 வெள்ளி வரை போகும். மலேசியாவும் தன் பங்குக்கு 2010இலிருந்து வெளிநாட்டுப் பதிவு வண்டிகளுக்கு மானிய விலை 95 ஆக்டேன் (ஆர்ஓஎன் 95) பெட்ரோலை விற்கக் கூடாது என்றது. அங்கே அதன் குழாய் மஞ்சள் நிறம். சிங்கப்பூர் வண்டி ஒன்று மஞ்சள் குழாயைப் பிடித்தபடி படத்தில் சிக்கினால் இரண்டு நாட்டிலும் திட்டு விழும்.

துபாய்க்கு வருவோம். இங்கே உங்கள் உள்ளுணர்வு சரிதான், காரணம் மட்டும் வேறு. 2015 ஆகஸ்டில் அமீரகம் பெட்ரோல் மானியத்தை எடுத்துவிட்டது. மாதா மாதம் உலகச் சந்தையை ஒட்டி விலை அறிவிப்பார்கள். கார் விலை ஏறாததுதான் துபாயின் சௌகரியம்: பதிவு உரிமைக்கு ஏலம் இல்லை, இறக்குமதி வரி சொற்பம், 5 சதவீத வாட். 80,000 திர்ஹமுக்கு நல்ல கார் வந்துவிடும், உங்கள் ஐந்து மாதச் சம்பளம். விலையில் 20 சதவீதம் முன்பணம், மீதியை அதிகபட்சம் ஐந்து வருடக் கடனில் கட்டலாம்.

ஆனால் துபாயில் ஓட்டம் அதிகம். வருடம் 20,000 கிலோமீட்டர் சர்வசாதாரணம், ஏசியை அணைக்கவும் முடியாது. பெட்ரோலுக்கு வருடம் 3,500 திர்ஹம் வரும். அதே அளவுக்கு இன்னொரு செலவு சத்தமில்லாமல் வரும்: சாலிக். 2007இலிருந்து இருக்கும் சாலை வாயில் கட்டணம். 2025 ஜனவரி 31 முதல் காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து எட்டு வரை வாயிலுக்கு 6 திர்ஹம், மற்ற நேரம் 4, நடுநிசி ஒன்று முதல் ஆறு வரை இலவசம். வேலைக்குப் போகும் வழியில் ஒரு வாயில் இருந்தால் போகவர 12 திர்ஹம், 250 வேலை நாளுக்கு 3,000. வீடு பார்க்கும்போது வாடகையை மட்டும் பார்க்காமல், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவே எத்தனை வாயில் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாயில் என்றால் பெட்ரோலைவிட சாலிக் பெரிது.

என் கணக்கில் துபாய் கார், ஒரு வாயிலோடு, கிலோமீட்டருக்கு ஒரு திர்ஹமுக்குச் சற்றுக் குறைவு, 23 ரூபாய். கடலூரின் 15ஐவிடக் கூடுதல்தான். சம்பளத்தோடு வைத்துப் பார்த்தால் லேசு.

ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் துபாய் படுத்தும். இந்திய உரிமத்தை அங்கே நேரடியாக மாற்றித் தரமாட்டார்கள். பயிற்சிப் பள்ளி, தேர்வு, கட்டணம் என்று பல ஆயிரம் திர்ஹம் போகும். பதினைந்து வருடம் கடலூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் பஸ்களுக்கு நடுவே நெளிந்து ஓட்டியவரைப் பக்கக் கண்ணாடி பார்க்கவில்லை என்று தோற்கடிப்பார்கள். முதல் வருடச் செலவில் இதற்கென்று ஒரு தொகையை எழுதிவிடுங்கள். சிங்கப்பூரில் முதல் 12 மாதம் நம் உரிமத்தோடு ஓட்டலாம், அப்புறம் அடிப்படை விதித் தேர்வு எழுதி மாற்றிக்கொள்ளலாம். கார் வாங்க முடியாத ஊரில் உரிமம் சுலபம்.

என் யோசனை இது. கார் இல்லாமல் முடியாது என்பது உறுதியானால் துபாய். பழக்கத்தினால்தான் கார் வேண்டியிருக்கிறது, பிள்ளைகள் பஸ் ஏறிப் பழகுவார்கள் என்றால் சிங்கப்பூர். போய் முதல் இரண்டு வருடம் கார் பேச்சையே எடுக்காதீர்கள். வருடம் 23,000 வெள்ளி என்பது உங்கள் இரண்டரை மாதச் சம்பளம், அது மிச்சமானால் இரண்டு வேலைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசமே மாறிவிடும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றைத் தனியாக விசாரித்து இதனோடு சேருங்கள். ஜொகூரை விட்டுவிடுங்கள், விடுமுறைக்குப் போய் மீன்தலைக் கறி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

கடலூர் காரைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவோ தம்பியோ வாரத்துக்கு இரண்டு முறையாவது எடுப்பார்கள் என்றால் இருக்கட்டும். இல்லையென்றால் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே விற்கப் பாருங்கள். டிக்கெட் போட்டபின் விற்பவரின் முகத்தைப் பார்த்தே தரகர் ஐம்பதாயிரம் குறைப்பார். பதிவுப் புத்தகத்தில் பெயர் மாறிய நகலை வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். மறந்தால் வேறு யாரோ போட்ட அபராதம் உங்கள் போனுக்கு வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்து இங்கே கார் எடுத்தால் அந்தச் சலுகை அப்படியே செல்லும். துபாயில் காப்பீடு எடுக்கும்போதும் அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், சில கம்பெனிகள் பிரீமியத்தைக் குறைப்பதுண்டு.